பழைய சேர்வரில் டிஸ்க் தெரியவில்லை: கார்டு செத்ததா, டிரைவர் இல்லையா?

அஞ்சாம்நம்பர் மலை · 2025 ஒக்டோபர் 14, காலை 9.10

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸ். டெல் பவர்எட்ஜ் டி320 சேர்வர், பேர்க் எச்310 ரெய்ட் கார்டு, 1 டிபி டிஸ்க் ரெண்டு ரெய்ட் 1ல (ரெண்டுலயும் ஒரே டேட்டா) இருக்கு. இதுவரை சென்ட்ஓஎஸ் 7 ஓடிச்சு, செக்ரோல் (தோட்டத்து ஆள், சம்பளப் பதிவு) டேட்டாபேஸ் அதுலதான். ரொக்கி லினக்ஸ் 9 போடப் போனா இன்ஸ்டோலர்ல டிஸ்க் ஒண்ணுகூட இல்ல, பென்ட்ரைவ் மட்டும் தெரியுது. கடைக்காரர் "கார்டு செத்துப்போச்சு, வேற வாங்குங்க"ன்னு சொல்றார். பேக்கப் வெளி டிஸ்க்ல இருக்கு. நவம்பர் 10 சம்பளத்துக்கு முந்தி எழுப்பணும். கார்டு வாங்கவா?

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 14, காலை 9.40

வாங்க வேண்டாம் தம்பி. பழைய சென்ட்ஓஎஸ் 7 அதே கார்டில் இன்னும் பூட் ஆகிறதா என்று முதலில் பாருங்கள். பூட் ஆனால், கார்டு செத்த கதை அங்கேயே முடிந்தது.

அடுத்து, மெஷின் ஏறும்போது பேர்க் கார்டின் வரி திரையில் வரும். அந்த நேரம் கன்ட்ரோல்+ஆர். உள்ளே விர்ச்சுவல் டிஸ்க் "ஒப்டிமல்" என்று நிற்க வேண்டும். டிஸ்க்குகள் வெறுமனே "ரெடி" என்று நின்றால் கார்டு அவற்றை ஓஎஸ்ஸுக்குக் காட்டவே காட்டாது. அப்போது எந்த டிரைவர் போட்டும் பயனில்லை. "ஃபொரின்" என்று நின்றால் இம்போர்ட் கொடுங்கள். அதே மெனுவில் கிளியர் என்று ஒன்று இருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள், டேட்டா இருந்த அமைப்பே போய்விடும்.

மூன்றாவது, ரொக்கி இன்ஸ்டோலர் ஏறியதும் கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்1, பிறகு கன்ட்ரோல்+பி அழுத்தி விட்டு 2. ஷெல் கிடைக்கும். அங்கே:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

(கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். அடிக்கும்போது எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து. கோடும் இடைவெளியும் நான் போட்ட இடத்தில்.) ரெய்ட் கன்ட்ரோலர் என்ற வரியின் முடிவில் சதுர அடைப்புக்குள் நான்கு இலக்கம், இரட்டைப்புள்ளி, நான்கு இலக்கம் இருக்கும். அதை அப்படியே இங்கே போடுங்கள். அதற்குக் கீழே "எந்தக் கேர்னல் டிரைவர் பாவனையில்" என்ற வரி இருக்கிறதா இல்லையா என்பதையும். முன்பக்கம் திரும்ப கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்6.

அஞ்சாம்நம்பர் மலை · ஒக்டோபர் 14, பிற்பகல் 1.20

பழசு ஏறுது அண்ணே. கன்ட்ரோல்+ஆர்ல ஒப்டிமல். இன்ஸ்டோலர் ஷெல்ல கார்டு வரி வருது, கடைசில 1000:0073. கீழ சப்சிஸ்டம்னு ஒரு வரி, அவ்வளவுதான், டிரைவர் வரி இல்ல. மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ் மொடியூலை மொட்ப்ரோப் போட்டு ஏத்தினேன், எர்ரர் ஒண்ணும் வரல, எல்எஸ்மொட்ல பேரும் இருக்கு. ஆனா டிஸ்க் வரல. கார்டு தெரியுது, டிரைவரும் ஏறிடுச்சு. பிறகு எங்க சிக்கல்?

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 14, பிற்பகல் 1.45

பெரட்டில் (காலையில் ஆள் கூடும் இடத்தில்) ஆள் நிற்கிறார், செக்ரோலில் பெயர் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஒவ்வொரு டிரைவர் மொடியூலுக்குள்ளும் ஒரு இலக்கப் பட்டியல் உண்டு: இந்த நிறுவனம், இந்தச் சிப், இவற்றைத்தான் நான் எடுப்பேன் என்று. முதல் நான்கு (1000) எல்எஸ்ஐ நிறுவனம், இன்று புரோட்கொம். அடுத்த நான்கு (0073) எஸ்ஏஎஸ்2008 சிப், மெகாரெய்ட் ஃபேர்ம்வெயரோடு. சென்ட்ஓஎஸ் 7 இன் பட்டியலில் 0073 இருந்தது. ரெட் ஹெட் 8 இல் பழைய கார்டுகளின் இலக்கங்களைக் கழற்றினார்கள், 9 இலும் அப்படியே. உங்கள் எச்310 மட்டுமல்ல: எச்700 (1000:0079), பேர்க் 6 (1000:0060), பேர்க் 5 (1028:0015) எல்லாம் சேர்ந்து போயின. ரொக்கி அதே மூலத்திலிருந்து வருவதால் அதுவும் அப்படியே. மொடியூல் ஃபைல் டிஸ்க்கில் இருக்கிறது, ஏறுகிறது, எர்ரரும் தராது. உங்கள் கார்டைத் தொடமாட்டேன் என்று சும்மா உட்கார்ந்திருக்கும். எல்எஸ்மொட்டில் பெயர் இருப்பதை வைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

சரிபார்க்க: மொட்இன்ஃபோ மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ் என்று அடித்து, வரும் "ஏலியஸ்" வரிகளில் 0073 தேடுங்கள். அந்த வரி இல்லையென்றால் அந்தக் கேர்னல் இந்தக் கார்டை எடுக்காது. இருந்தாலும் கடைசித் தீர்ப்பு எல்எஸ்பிசிஐயின் டிரைவர் வரிதான்.

அந்தக் கடைக்காரர் வின்டோஸ் போட்டு சோதித்திருந்தால் வேறு முடிவு சொல்லியிருப்பார்.

லேப் டீச்சர் · ஒக்டோபர் 14, மாலை 4.05

ஐடி மோட் ஃபேர்ம்வெயர் (ரெய்ட் இல்லாமல் டிஸ்க்குகளை நேராகக் காட்டுவது) அடித்துவிட்டால் முடியுமே என்று யாராவது சொல்ல வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இந்த இடத்தில் அது உதவாது. எச்310 ஐ ஐடி மோடுக்கு மாற்றினால் இலக்கம் 1000:0072 ஆகும், டிரைவர் எம்பிடி3எஸ்ஏஎஸ் ஆகும். அந்த 0072 உம் ரெட் ஹெட் 8 இல் கழற்றப்பட்டதுதான். வேலையும் ஆபத்தும் மிச்சம், டிஸ்க் அப்போதும் வராது. மேலும் ரெய்ட் 1 கார்டில் இருந்தது போய்விடும், லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டிஏடிஎம் வைத்து மறுபடி கட்ட வேண்டும்.

டெல் மெஷின்களில் இன்னொன்றும் உண்டு. சேமிப்புக் கார்டுக்கென்று தனியாக ஒதுக்கிய ஸ்லொட்டில் வேறு ஃபேர்ம்வெயர் அடித்த கார்டைச் செருகினால் "இந்த ஸ்லொட்டில் தகாத கார்டு" என்று பூட் பாதியில் நின்றுவிடும். சாதாரண பிசிஐ ஸ்லொட்டுக்கு மாற்ற வேண்டி வரும், அப்போது கேபிள் நீளம் எட்டாது.

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 14, இரவு 8.30

டீச்சர் சொன்னது சரி. இனி வழி.

எனக்குப் பிடித்தது அல்மாலினக்ஸ் 9. 2024 இல் வந்த 9.4 முதல் அவர்கள் மேலே கழற்றப்பட்ட பழைய கார்டுகளின் இலக்கங்களைத் திரும்பச் சேர்த்தார்கள்: மெகாரெய்ட், எம்பிடி3, எச்பி ஸ்மார்ட் அரேயின் எச்பிஎஸ்ஏ, அடாப்டெக்கின் ஏஏசிரெய்ட் எல்லாம் அதில் வரும். ரொக்கிக்கு எழுதிய நிறுவல் குறிப்புகள், பேக்கேஜ் பெயர்கள் அப்படியே பொருந்தும். தனி டிரைவர் ஒன்றும் வேண்டாம், பிறகு ஒவ்வொரு கேர்னல் அப்டேட்டுக்கும் பயப்படவும் வேண்டாம். டிவிடி ஐஎஸ்ஓ 10 ஜிபிக்குக் கிட்ட வரும். டொங்கிளில் இறக்குகிறவர்கள் மினிமல் ஐஎஸ்ஓவை எடுங்கள், டேட்டாபேஸைப் பிறகு டிஎன்எஃப்பால் போடலாம். இறக்கியதும் ஷா256 ஒப்பிடாமல் பென்ட்ரைவில் எழுத வேண்டாம். லைன் விட்டு விட்டு வரும் இடத்தில் அரைகுறை ஐஎஸ்ஓ சாதாரணம், அது தரும் எர்ரர்கள் டிரைவர் எர்ரர் மாதிரியே இருக்கும்.

ரொக்கிதான் வேண்டும் என்றால் ஈஎல்ரெப்போ தளத்தில் டிரைவர் டிஸ்க் ஐஎஸ்ஓ இருக்கிறது, டிடி-மெகாரெய்ட்_எஸ்ஏஎஸ் என்று தொடங்கும். ஃபைல் பெயரில் ஈஎல்9க்குப் பின்னால் உள்ள சிறு பதிப்பு எண், உங்கள் ரொக்கியின் 9.எத்தனையோடு பொருந்த வேண்டும். அதை இரண்டாவது பென்ட்ரைவில் டிடி முறையில் எழுதுங்கள். லேபிள் ஓஇஎம்டிஆர்வி என்று இருந்தால் இன்ஸ்டோலர் தானாகவே எடுத்துக்கொள்ளும். எடுக்கவில்லையா, பூட் மெனுவில் டேப் அடித்து (யுஇஎஃப்ஐ என்றால் ஈ) வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு இன்ஸ்ட்.டிடி என்று சேருங்கள். டிஸ்க் எது, ஃபைல் எது என்று எண் போட்டுக் கேட்கும். இரண்டு பென்ட்ரைவும் பவர் போடும் முன்பே செருகியிருக்க வேண்டும். நிறுவும் சிஸ்டத்துக்குள்ளும் அந்த மொடியூலை இன்ஸ்டோலரே போட்டுவிடும்.

இந்த வழியின் முள் பிறகுதான் குத்தும். ரொக்கி 9.எக்ஸ்சிலிருந்து அடுத்த சிறு பதிப்புக்குக் கேர்னல் மாறும்போது பழைய மொடியூல் பொருந்தாமல் போகலாம். மறுபூட்டில் டிஸ்க் இல்லை. ஈஎல்ரெப்போவில் புதிய கேமொட் (டிரைவர் மொடியூல் பேக்கேஜ்) வந்த பிறகே கேர்னலை ஏற்றுங்கள். அதுவரை டிஎன்எஃப் அமைப்பில் கேர்னலை விலக்கி வையுங்கள். செக்யூர் பூட் உள்ள புதிய மெஷினென்றால் ஈஎல்ரெப்போவின் சாவியை மொக்யூட்டிலால் பதிய வேண்டும், இல்லையேல் கையொப்பம் சரியில்லை என்று கேர்னல் மொடியூலைத் தள்ளிவிடும்.

டெபியன் 12, 13, உபுண்டு எல்லாம் 0073 ஐக் கழற்றவில்லை. ஆனால் செக்ரோல் மென்பொருள் ஆர்பிஎம் பேக்கேஜாக வந்ததென்றால் அங்கே போவது வீண் அலைச்சல்.

அஞ்சாம்நம்பர் மலை · ஒக்டோபர் 15, காலை 7.30

அல்மாவே போறேன். இங்க ஒருத்தர் "நுவரெலியா உயரத்துல காத்து லேசு, ஹாட்டிஸ்க் தலை சரியா மிதக்காது, அதான் தெரியல"ன்னு சொல்றார். மெய்யா?

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 15, காலை 7.50

தலை காற்றில் மிதப்பது மெய். சாதாரண டிஸ்க்குகளுக்கு இயங்கும் உயரம் 3,048 மீட்டர்வரை என்று தயாரிப்புத் தாளில் போட்டிருப்பார்கள். நுவரெலியா டவுன் 1,868 மீட்டர். பிதுருதலாகலை உச்சிக்கே சேர்வரைத் தூக்கிப்போய் வைத்தாலும் 2,524தான். இந்த நாட்டில் இருந்துகொண்டு அந்தக் காரணம் சொல்ல இடமே இல்லை.

மலையில் உண்மையாகக் கெடுப்பது ஈரமும் தூசும். தொழிற்சாலைக்குப் பக்கத்து ஆபீஸ் என்றால் தேயிலைத் தூசு கார்டின் ஹீட்சிங்கில் மெத்தை மாதிரிப் படியும். எஸ்ஏஎஸ்2008 சிப் சூடாக ஓடும், காற்றுப் போகாவிட்டால் ஏறிய பிறகு நடுவில் விழும். பனிக்காலத்தில் பல மாதம் மூடிக்கிடந்த மெஷினைத் திறந்தால் கார்டின் தங்கப் பற்களில் மங்கிய படலம் இருக்கும். அப்போது எல்எஸ்பிசிஐயில் கார்டு வரியே வராது, அல்லது ஒரு பூட்டில் வரும், மறு பூட்டில் வராது. பவர் கேபிளையே கழற்றி (சுவிட்ச் ஓஃப் போதாது), கார்டை வெளியே எடுத்து, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டுப் பற்களைத் துடைத்து, காயவிட்டு, நேராக அழுத்திச் செருகுங்கள். மினி-எஸ்ஏஎஸ் கேபிளின் இரு முனையிலும் கிளிக் சத்தம் கேட்க வேண்டும்.

உங்களுக்குக் கார்டு வரி வந்துவிட்டது, டிஸ்க்கும் ஒப்டிமல். அதனால் இந்தப் பாட்டு உங்களுக்கில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு.

லேப் டீச்சர் · ஒக்டோபர் 15, பிற்பகல் 3.15

பண்டாரவளையில் ஒரு லேப்பிலும் இதே சிக்கல். போர்டிலேயே உள்ள இன்டெல் சாட்டா, பயோஸில் ரெய்ட் மோடில், வின்டோஸ் சேர்வர் 2022. இங்கே ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை" என்று தொடக்கத்திலேயே வந்தால் அது பெரும்பாலும் டிஸ்க் கன்ட்ரோலர் பற்றியது அல்ல. செட்டப்பால் தன் சொந்த மீடியாவை, அதாவது பென்ட்ரைவையோ டிவிடியையோ, படிக்க முடியவில்லை. யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள், ஐஎஸ்ஓவின் ஹாஷைச் சரிபாருங்கள், மறுபடி எழுதுங்கள். இந்த இடத்தில் ரெய்ட் டிரைவரைத் தேடி அலைவது வீண். "டிரைவ் எதையும் காணவில்லை, லோட் டிரைவர் அழுத்துங்கள்" என்று டிஸ்க் தெரியும் பக்கத்தில் வந்தால்தான் அது கன்ட்ரோலர்.

லோட் டிரைவருக்கு இஎக்ஸ்இ கொடுத்தால் எடுக்காது. விரித்து, ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் மூன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கிற மாதிரி வையுங்கள். 64 பிட், அந்த வின்டோஸ் பதிப்புக்குரியது. "பொருந்தாதவற்றை மறை" என்ற குறியை எடுத்துவிட்டுப் பார்த்தால் டிரைவர் பட்டியலில் வந்தும் டிஸ்க் வரவில்லையென்றால், தவறான டிரைவர் என்று பொருள். ஐஎன்எஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து வென்_, டெவ்_ என்று வரும் எண்களை லினக்ஸ் லைவ் பென்ட்ரைவில் எல்எஸ்பிசிஐ காட்டிய எண்களோடு ஒப்பிட்டால் சந்தேகமே இல்லை.

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 15, பிற்பகல் 3.40

டீச்சர், ரெய்ட் வேண்டாமென்றால் பயோஸில் ஏஎச்சிஐக்கு மாற்றிவிடலாமே? வின்டோஸிலேயே அதற்கு டிரைவர் உண்டு.

லேப் டீச்சர் · ஒக்டோபர் 15, பிற்பகல் 4.00

புதிதாகப் போடுகிறவர்களுக்கு அதுதான் சுலபம். ஏற்கெனவே ரெய்ட் மோடில் நிறுவிய வின்டோஸை அப்படி மாற்றினால் 0எக்ஸ்7பி நீலத்திரை. பூட் நேரத்தில் ஏறும் டிரைவர்களில் ஏஎச்சிஐ இயக்கத்தில் இருக்காது. மாற்றத்தான் வேண்டுமென்றால், முதலில் பிசிடிஎடிட்டால் சேஃப்பூட் மினிமல் வைத்து, மறுபூட்டில் பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறவிட்டு, அந்தச் சேஃப்பூட் மதிப்பை நீக்குங்கள். சேஃப் மோடில் டிரைவர் தன்னைப் பதிந்துகொள்ளும். இரண்டு டிஸ்க்கைக் கோர்த்து ரெய்ட் 1 கட்டியிருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

ஒரே மாதிரி மெஷின் பல இருந்தால் ஒவ்வொன்றிலும் லோட் டிரைவர் அழுத்திக்கொண்டிருக்க வேண்டாம். வின்டோஸின் டிஸ்ம் கருவியில், பூட்.விம் என்ற செட்டப் இமேஜின் இரண்டாம் இன்டெக்ஸை மவுன்ட் செய்து டிரைவரைச் சேர்த்து கமிட் பண்ணுங்கள் (ஒன்றாம் இன்டெக்ஸ் வெறும் பிஈ, செட்டப் ஓடுவது இரண்டாவதில்). இன்ஸ்டோல்.விம்மிலும் நீங்கள் போடும் எடிஷனின் இன்டெக்ஸில் அதையே செய்யுங்கள். பென்ட்ரைவ் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட விம் ஏறாது, டிஸ்மின் ஸ்பிளிட்-இமேஜால் 3800 எம்பி துண்டுகளாக வெட்டுங்கள். செட்டப் எஸ்டபிள்யூஎம் துண்டுகளைத் தானே அடையாளம் காணும்.

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 15, மாலை 6.20

நடுச் செட்டப்பில் ஷிஃப்ட்+எஃப்10 அடித்தால் கறுப்புத் திரை வரும். டிஸ்க்பார்ட் போய் லிஸ்ட் வொல்யூம்: பென்ட்ரைவின் எழுத்து தெரியும். வெளியே வந்து டிஆர்விலோட், இடைவெளி, ஐஎன்எஃப்பின் முழுப் பாதை. "வெற்றி" என்று சொன்னபின் டிஸ்க்பார்ட்டில் ரீஸ்கேன், லிஸ்ட் டிஸ்க். மௌஸ் வேலை செய்யாத சேர்வருக்கு இதுதான் விரைவு. ஐஎன்எஃப்பின் எண்கள் கார்டோடு பொருந்தி, டிஆர்விலோட் வெற்றி என்று சொல்லியும் லிஸ்ட் டிஸ்க் காலியாக இருந்தால் டிரைவரைப் பற்றிய பேச்சை விடுங்கள், கார்டுக்குள் விர்ச்சுவல் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

அஞ்சாம்நம்பர் மலை · ஒக்டோபர் 16, காலை 10.45

அல்மா ஐஎஸ்ஓவை ரூஃபஸ்ல எழுதினேன். பூட் ஆகி "டிராகட்-இனிட்கியூ டைம்அவுட்"னு நூறு வரி ஓடி எமர்ஜென்சி ஷெல்ல நின்னுடுச்சு. மறுபடி டிரைவர் பிரச்சினைதானா?

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 16, காலை 11.00

இல்லை. டீச்சர் வின்டோஸில் சொன்ன "மீடியா டிரைவர்" கதையின் லினக்ஸ் பதிப்பு இது. இன்ஸ்டோலர் தன் பென்ட்ரைவை லேபிள் பெயரால் தேடுகிறது. ரூஃபஸ் ஐஎஸ்ஓ மோடில் எழுதும்போது ஃபேட்32 லேபிள் 11 எழுத்தோடு வெட்டுப்படும், பெயர் பொருந்தாது, கிடைக்கும்வரை காத்திருந்து விழும். மறுபடி எழுதுங்கள், ரூஃபஸ் கேட்கும்போது டிடி மோட் தெரிவு செய்யுங்கள்.

அஞ்சாம்நம்பர் மலை · ஒக்டோபர் 16, பிற்பகல் 2.30

வந்துடுச்சு. 931 ஜிபி ஒரே டிஸ்க், பேர்க் எச்310னு பேரோட. எல்எஸ்பிசிஐல டிரைவர் வரியும் வந்திருக்கு. பழைய பார்ட்டிஷன் எல்லாம் அப்படியே காட்டுது. அழிக்க முந்தி ஒரு கேள்வி: சென்ட்ஓஎஸ் 7 டிஸ்க்ல ஒண்ணைக் கழட்டி வேற மெஷின்ல பூட் பண்ணி வச்சுக்கலாமா, புதுசு சரிவரும்வரைக்கும்?

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 16, பிற்பகல் 3.10

நல்ல யோசனை, ஆனால் அப்படியே செருகினால் ஏறாது. இரண்டு காரணம்.

எச்310 இன் ரெய்ட் 1 டிஸ்க்கைச் சாதாரண சாட்டா போர்ட்டில் போட்டால் டேட்டா தொடக்கத்திலிருந்து அப்படியே இருக்கும், கார்டின் குறிப்பு டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். அதனால் படிக்க முடியும். ஆனால் சென்ட்ஓஎஸ் 7 இன் டிராகட் "ஹோஸ்ட்ஒன்லி" முறையில் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் ஏறும் சிறு இமேஜ்) கட்டும். அந்த மெஷினில் இருந்த கன்ட்ரோலரின் டிரைவரை மட்டும் உள்ளே வைக்கும். புதிய மெஷினின் ஏஎச்சிஐ டிரைவர் அதில் இருக்காது, ரூட் பார்ட்டிஷன் கிடைக்காது. இங்கே வரும் டைம்அவுட்தான் உண்மையாகவே டிரைவர் டைம்அவுட்.

கிரப் மெனுவில் "ரெஸ்கியூ" என்ற வரியைத் தெரிவு செய்யுங்கள். அந்த இமேஜ் எல்லா டிரைவரையும் வைத்துக் கட்டப்பட்டது, ஏறிவிடும். ஏறியதும்:

டிராகட் -எஃப் -என் --ரீஜெனரேட்-ஆல்

இதில் என் மட்டும் பெரிய எழுத்து. சின்ன என் போட்டால் இந்த வேலை நடக்காது. பிறகு சாதாரண வரியிலேயே பூட் ஆகும். டிஸ்க்கைக் கழற்றும் முன்பே, பழைய மெஷினில் இருந்தபடியே இந்தக் கட்டளையைப் போட்டு வைத்தால் ரெஸ்கியூ வரியும் வேண்டாம்.

ஒன்று: சென்ட்ஓஎஸ் 7 க்கு 2024 ஜூன் 30 ஓடு அப்டேட் நின்றுவிட்டது. அந்த மெஷினை ஆபீஸ் வலைக்குள் மட்டும் வையுங்கள், இன்டர்நெட் லைன் கொடுக்க வேண்டாம்.

லேப் டீச்சர் · ஒக்டோபர் 16, மாலை 5.30

இதே எச்310 ஐ புரொக்ஸ்மொக்ஸில் (ஒரே மெஷினில் பல விர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டும் லினக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு: 8.2 இலிருந்து வரும் 6.8 கேர்னலில் இன்டெல் ஐஓஎம்எம்யு தானாகவே இயக்கத்தில் இருக்கும். பழைய வன்பொருளில், பயோஸ் பழசாக இருந்தால், அது சிக்கல் தரலாம். டிரைவர் வரி எல்எஸ்பிசிஐயில் இருக்கும், ஆனால் டிமெசேஜில் (கேர்னலின் செய்திப் பதிவு) டிஎம்ஏஆர் என்ற பிழை வரிகளைப் பார்த்தால் பூட் வரியில் இன்டெல்_ஐஓஎம்எம்யு=ஓஃப் சேர்த்துப் பாருங்கள். முதலில் பயோஸ் அப்டேட்.

அதில் வின்டோஸ் விஎம் நிறுவும்போது டிஸ்க் தெரியவில்லை என்பது வேறு கதை. டிஸ்க் பஸ் வேர்ட்ஐஓ ஸ்கசி என்றால் வேர்ட்ஐஓ ஐஎஸ்ஓவில் விஐஓஸ்கசி, 2கே22, ஏஎம்டி64 ஃபோல்டர். வேர்ட்ஐஓ புளொக் என்றால் விஐஓஸ்டோர். ஒன்றுக்கு மற்றதைக் கொடுத்தால் டிரைவர் ஏறும், டிஸ்க் வராது. பழைய மெஷினை விஎம்மாகக் கொண்டுவந்திருந்தால் முதலில் சாட்டாவாக பூட் செய்து, 1 ஜிபி வெற்று டிஸ்க் ஒன்றை ஸ்கசியில் இணைத்து டிரைவரை நிறுவி, அதன்பின் பெரிய டிஸ்க்கை மாற்றுங்கள். இல்லையேல் மறுபடி அந்த 0எக்ஸ்7பி.

அஞ்சாம்நம்பர் மலை · ஒக்டோபர் 18, காலை 8.15

ரெஸ்கியூ வரி வேலை செஞ்சுது, பழசு ஒரு டெஸ்க்டொப்ல ஓடுது. புதுசும் நிக்குது. நேத்து இடி இடிச்சு கரண்ட் போச்சு, யூபிஎஸ் பத்து நிமிஷம்தான் தாங்கிச்சு. இந்தக் கார்டுல பேட்டரி எங்க இருக்கு? அது செத்தா டிஸ்க் மறுபடி காணாமப் போகுமா?

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 18, காலை 8.40

எச்310 இல் பேட்டரியும் இல்லை, எழுத்துக் கேஷும் இல்லை. எச்700, எச்710 இல் உண்டு. அங்கே பேட்டரி செத்தால் டிஸ்க் மறையாது, கேஷை ஓஃப் பண்ணி மெதுவாக எழுதும். மறையும் நேரம் வேறு: கரண்ட் போகும்போது எழுதாத டேட்டா கேஷில் மாட்டி, திரும்ப ஏறும்போது டிஸ்க் ஒன்று இல்லாதிருந்தால், "பாதுகாத்த கேஷ் இருக்கிறது" என்று கார்டு பூட்டையே நிறுத்தும். அப்போது டிஸ்க் கேபிளைச் சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள்; டிஸ்கார்ட் கொடுப்பது கடைசியில்தான்.

உங்களுக்கு வேண்டியது யூபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைச் செருகி, நட் என்ற மென்பொருளைப் போட்டு, பேட்டரி குறைந்ததும் தானாக ஷட்டவுன் ஆக வைப்பது. பத்து நிமிஷம் அதற்குத் தாராளம்.

பதுளை பஸ் · ஒக்டோபர் 19, இரவு 9.05

குறுக்கே வாறேன். பம்பலப்பிட்டியில எடுத்த பழைய எஸ்ஏஎஸ் டிஸ்க் நாலு, ஐடி மோட் கார்டு, டெபியன் 12. டிரைவர் வரி இருக்கு. டிஸ்க் பேர் வருது, அளவு பூச்சியம். ஃபோர்மட் ஆகுதில்ல.

லேப் டீச்சர் · ஒக்டோபர் 19, இரவு 9.30

டிமெசேஜில் "ஆதரிக்காத செக்டர் அளவு 520" என்று இருக்குமே, பாருங்கள். பெரிய ஸ்டோரேஜ் அலமாரிகளிலிருந்து கழற்றிய டிஸ்க்குகள் 512க்குப் பதில் 520 பைட் செக்டரோடு வரும். டிரைவருக்கு இதில் சம்பந்தமே இல்லை. எஸ்ஜி3-யூட்டில்ஸ், எல்எஸ்ஸ்கசி பேக்கேஜ் இரண்டையும் போட்டு, எல்எஸ்ஸ்கசி -ஜி அடித்தால் ஒவ்வொரு டிஸ்க்கின் எஸ்ஜி எண் தெரியும். பிறகு எஸ்ஜி_ஃபோர்மட் --ஃபோர்மட் --சைஸ்=512, கடைசியில் அந்த எஸ்ஜி எண்ணின் பாதை. டேட்டா முழுதும் போகும். மணிக்கணக்கில் ஓடும், நான்கையும் தனித்தனி ஜன்னலில் ஒரே நேரம் ஓடவிடலாம். ஐடி மோட் கார்டு இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், ரெய்ட் கார்டுக்குப் பின்னால் எஸ்ஜி பாதையே கிடைக்காது.

பதுளை பஸ் · ஒக்டோபர் 19, இரவு 9.50

அதே வரிதான் டீச்சர், 520. இப்ப ஓடவிட்டாச்சு. நடுவில கரண்ட் போனா?

லேப் டீச்சர் · ஒக்டோபர் 19, இரவு 10.05

டிஸ்க் சாகாது. ஃபோர்மட் கெட்டிருக்கிறது என்று சொல்லும், படிக்க எழுத விடாது. அதே கட்டளையை முதலிலிருந்து மறுபடி போடுங்கள்.

அஞ்சாம்நம்பர் மலை · ஒக்டோபர் 20, காலை 7.40

கடைசியா ஒண்ணு. அல்மா 10 வந்திருக்கே, நேரா அதுக்கே போயிருக்கலாமோ?

கேபிள் சுத்தி · ஒக்டோபர் 20, காலை 8.10

ரெட் ஹெட் 10 இன் அடிப்படை எக்ஸ்86-64-வி3. அதற்கு ஏவிஎக்ஸ்2 உள்ள புரொசெசர் வேண்டும், அதாவது ஹஸ்வெல் அல்லது அதற்குப் பிந்தியது. டி320 இன் சியோன் ஈ5-2400 வரிசை அதற்கு முந்தியது, பூட்டே ஆகாது. அல்மா மட்டும் 10 க்கு வி2 என்று தனியாக ஒரு பதிப்பு தருகிறது. அதை எடுத்தாலும் வெளியார் ஆர்பிஎம்கள் வி3க்கே கட்டப்பட்டிருக்கும், செக்ரோல் மென்பொருள்காரரிடம் வி2 ஆர்பிஎம் தருவாரா என்று கேட்டுவிட்டுத்தான் யோசிக்கணும். 9 இலேயே இருங்கள், அதற்கு 2032 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.